வெளியே நிற்க வேண்டிய இரண்டு வயர்

என் மகளுக்கு அம்மை போட்டது ஒரு செவ்வாய்க்கிழமை. அந்த வாரம் சனிக்கிழமை காலையில், அவள் செய்த விமானம் அஞ்சுகிராமத்துக்கு வெளியே ஒரு பொட்டலில் மூன்று நிமிடம் பறந்து காட்ட வேண்டும். பறந்தால், வெளியூர்ப் போட்டிக்குப் போகிற கல்லூரி பஸ்ஸில் அவளுக்கும் அவள் கூட்டாளிப் பெண்ணுக்கும் இடம். பறக்காவிட்டால் அந்த இடம் இன்னொரு அணிக்கு. இரண்டு வருடத்துக்கு முன்னால் சீனியர்கள் போனார்கள். போன வருடம் இவர்கள் செய்தது தரையை விட்டே எழும்பவில்லை. இது கடைசி வருடம். இனி ஒரு வாய்ப்பு கிடையாது.

விமானம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு ஆள் அக்குளில் இடுக்கிக்கொண்டு நடக்கலாம். பால்சா என்று ஒரு மரம் இருக்கிறது, கையில் எடுத்தால் எடையே தெரியாது. அதைப் பிளேடால் அறுத்து, ஒட்டி, மேலே சிவப்பு பிளாஸ்டிக் தாளை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துப் பதித்திருந்தாள். ஆறு மாதம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சாப்பாடு வைக்க இடம் இருந்ததில்லை. உடம்பு முடிந்துவிட்டது. உள்ளே வைக்க வேண்டிய ரேடியோ சாமான்கள்தான் பாக்கி. முன்னால் சுற்றுகிற மோட்டார், இறக்கையிலும் வாலிலும் உள்ள மடல்களை அசைக்கிற நான்கு சின்ன சர்வோக்கள், பேட்டரி, கையிலிருக்கும் ரிமோட் சொல்வதைக் கேட்டு இவற்றுக்கெல்லாம் உத்தரவு போடுகிற ரிசீவர். எல்லாம் ஒரு பழைய பேரீச்சம்பழ டப்பாவில் கிடந்தன.

எனக்குச் சின்ன வயதில் அம்மை வந்ததில்லை. இந்த வயதில் வந்தால் ஆளையே சாய்த்துவிடும் என்று டாக்டரும் சொன்னார், மனைவியும் சொன்னாள். மனைவி சொன்னதுதான் சட்டம். மகளைப் பின்னறையில் படுக்க வைத்து, நிலையில் வேப்பிலை செருகி, கதவைச் சாத்திவிட்டாள். நான் அந்தக் கதவைத் தாண்டக் கூடாது. கூட்டாளிப் பெண்ணுக்கும் அம்மை வந்ததில்லையாம். அவளுடைய அம்மா, அம்மை போட்ட வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டாளாம்.

புதன்கிழமை காலையில் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து மகளின் குரல் வந்தது. காய்ச்சலில் தொண்டை கட்டியிருந்தது.

"வாப்பா, அந்த டப்பாவையும் பிளேனையும் ஆருட்டயாவது குடுத்து அவளுக்க ஹாஸ்டலுக்கு அனுப்பலாம். அவ ஃபிட் பண்ணிருவா."

"அவ பறத்துகவ. செய்யுகவ நீதானே?"

"அவளுக்கும் கொஞ்சம் தெரியும்."

"நான் செய்யுதேன்."



"ஒங்களுக்கு எதுக்கு வாப்பா செரமம்?"

விருந்தாளியிடம் சொல்வதுபோலச் சொன்னாள். அது எனக்கு எங்கே போய்க் குத்தியது என்று சொல்ல வேண்டுமானால் நான் யார் என்பதைச் சொல்ல வேண்டும்.

நான் சவூதியில் இருபத்திரண்டு வருடம் ஏசி டக்ட் போட்டவன். பெரிய கட்டடங்களில் குளிர்காற்று போகிற தகரக் குழாய் இருக்கிறதே, அதை மடக்கி, மாட்டி, இணைப்பில் காற்று கசியாமல் அலுமினிய டேப் ஒட்டுகிற வேலை. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை நாற்பது நாள் லீவு. அந்த நாற்பது நாளும் இந்த வீட்டில் நான் ராஜா. மீனில் நடுத்துண்டு எனக்கு. பிள்ளைக்கு மார்க் குறைந்தது, மைத்துனனோடு சண்டை, கூரை ஒழுகுவது எதையும் என் காதில் போடமாட்டார்கள். திரும்பிப் போகிற மனுஷன் நிம்மதியாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று. எனக்கும் அது சுகமாகத்தான் இருந்தது.

ஒரேயடியாக ஊருக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. அவர்கள் இன்னும் நாற்பது நாளை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

அதற்கு நானும் ஒரு காரணம். எனக்குக் கோபம் வரும். வந்தால் கத்தமாட்டேன், கத்தினாலாவது தேவலை. எழுந்து போய்விடுவேன். வந்த புதிதில் கிணற்று மோட்டார் ஓடவில்லை என்று நானே பிரித்து மாட்டினேன். அது புகைந்து போனது. பெருநாள் சாப்பாட்டின்போது மனைவி மைத்துனனிடம், "எலக்ட்ரீசியன விளிச்சிருக்கலாம், இவிய கேக்கல்ல" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் சோற்றில் வைத்த கையை எடுத்தேன், செருப்பைப் போட்டேன், துறைமுகத்துப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு நாள் வீட்டில் சாப்பிடவில்லை, யாரிடமும் பேசவில்லை. மகள்தான் மூன்றாம் நாள் வந்து கூட்டிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு நான் செய்வதில் யாரும் குறை சொன்னது கிடையாது. நான் சரியாகச் செய்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் மகளுக்கு என் கையால் நான் செய்து கொடுத்தது என்று ஒன்றும் இல்லை. அட்டைப்பெட்டிகளில் அனுப்பியது எல்லாம் கடையில் வாங்கியது. அதனால்தான் அந்த டப்பாவை விடமுடியவில்லை. "எனக்கு என்ன செரமம் மக்களே? கை இருக்கு, கண்ணாடி இருக்கு. நீ சொல்லு, நான் செய்யுதேன்" என்றேன். பிச்சை கேட்கிற மாதிரிதான் கேட்டிருக்கிறேன். அவள் சரி என்றாள்.

கதவுக்கு முன்னால் பாய் விரித்து, விமானத்தை ஒரு தலையணையில் மல்லாத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதல் அரைமணி நேரத்திலேயே தப்பு செய்தேன். சர்வோ என்பது பாதித் தீப்பெட்டி அளவில் இருக்கும், தலையில் ஒரு சின்னக் கை. அந்தக் கை இரண்டு பக்கமும் ஆடும். கரண்ட் கொடுத்து அதை நடுவில் நிற்க வைத்துவிட்டுத்தான் கையை மாட்ட வேண்டுமாம். நான் நான்கையும் மாட்டி முடித்துவிட்டேன்.

"நடுவுல நிப்பாட்டினியளா வாப்பா?"

"இல்ல. நீ சொல்லல்லியே."

"செரி. ஒண்ணும் இல்ல. களத்திட்டு திரும்ப மாட்டலாம்."

நான்கையும் கழற்றினேன். எனக்குக் கோபம் வரவில்லை, அது எனக்கே ஆச்சரியம். அவள் கம்பியை எப்படி மடக்க வேண்டும் என்று சொன்னாள், நான் மடக்கினேன். சர்வோவின் கையிலிருந்து மடலுக்குப் போகிற மெல்லிய கம்பி அது. ஒரு நூல் கூடினாலும் மடல் நேராக நிற்காது. இருபத்திரண்டு வருடம் ஆள் நுழைகிற குழாயை அளந்த கைக்கு அது சின்னப் பிள்ளை சட்டைப் பொத்தான் மாதிரி இருந்தது. புதன் முழுவதும் இரண்டு கம்பிதான் முடிந்தது. வியாழன் மத்தியானம் எல்லாம் முடிந்து, ரிசீவரை வெளியே வைத்தபடியே இணைத்து, ரிமோட்டில் குச்சியைப் பின்னால் இழுத்தேன். வால் மடல் கிர்ரென்று மேலே எழும்பியது.

"எழும்பிச்சு மக்களே! எழும்பிச்சு!"

"மேலயா, கீளயா?"

"மேல! மேல!"

அவள் உள்ளே கைதட்டினாள். உடம்பெல்லாம் கொப்புளத்தோடு கை தட்டினால் வலித்திருக்கும். அந்த ஒரு மத்தியானம் நான் சந்தோஷமாக இருந்தேன். இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டேன் என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து, ரிசீவரை உள்ளே வைக்க எடுத்தேன். மற்ற எதையும்விட அது சின்னது, பிஸ்கட் துண்டு மாதிரி. அதிலிருந்து இரண்டு மெல்லிய வயர்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அவைதான் ஆன்டெனா. ஸ்பாஞ்சில் சுற்றி வயிற்றுக்குள் வைக்க வேண்டும், அந்த இரண்டு வயரும் ஒன்றுக்கொன்று குறுக்காக வெளியே நிற்க வேண்டும் என்று காலையிலேயே சொல்லியிருந்தாள். சொன்னது காதில் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை.

அந்த நேரத்தில் என் மண்டையில் இருந்தது வேறு. எங்கள் வீடு கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. உப்புக்காற்றில் இங்கே கதவுக் கீல், ஃபேன், பூட்டு, சைக்கிள் எதுவும் இரண்டு மழைக்காலம் தாங்காது. இந்தப் பிஸ்கட் துண்டுக்குள் உப்பு இறங்கினால் என்ன ஆகும்? இன்னொன்று, வெளியே துருத்திக்கொண்டு நிற்கிற வயரைப் பார்த்தால் எனக்கு ஆகாது. சைட்டில் ஃபோர்மேன் அப்படி ஒரு வயரைப் பார்த்தால் முழு வேலையையும் பிரிக்கச் சொல்வான். என்னிடம் சவூதியிலிருந்து கொண்டுவந்த அலுமினிய டேப் முழு ரோல் ஒன்று இருந்தது. ஸ்பாஞ்சில் சுற்றிய ரிசீவரை, இரண்டு வயரையும் மடக்கி உள்ளே வைத்து, டேப்பால் சுற்றினேன். நகத்தால் அழுத்தி அழுத்தி மடிப்பே தெரியாமல் ஒட்டினேன். என் ஆயுளில் அவ்வளவு சுத்தமாக ஒரு இணைப்பு ஒட்டியதில்லை. போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன். மச்சினிகள் எல்லாம் கட்டைவிரல் காட்டினார்கள்.

கொஞ்ச நேரம் கழித்துக் கதவுக்குப் பின்னாலிருந்து, மெதுவாக, "வாப்பா" என்று கேட்டது.

"சொல்லு."

"அந்த ரெண்டு வயரும் வெளியிலதானே நிக்குது?"

அவள் கேட்ட தொனியில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் மூன்று நாளாக அவள் கேள்விக்குப் பதில் சொல்லியே உட்கார்ந்திருந்தேன், முதுகு வலித்தது, முடித்துவிட்டோம் என்ற பெருமையும் சேர்ந்துகொண்டது.

"இருவத்திரண்டு வருசம் இதுதான் எனக்க வேல. எனக்கு நீ வயரு வைக்கப் படிப்பிச்சுத் தரியா?"



"செரி வாப்பா" என்றாள்.

சாயங்காலம் ஒரு வேலை பாக்கி இருந்தது. ரிமோட்டில் ஒரு பட்டன் இருக்கிறது. அதை அமுக்கிப் பிடித்தால் சிக்னல் வேண்டுமென்றே குறையும். அமுக்கிக்கொண்டு முப்பது எட்டு தள்ளிப் போய் நின்று, மடல் ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஆடினால் வானத்தில் எவ்வளவு தூரம் போனாலும் பயமில்லை என்று அர்த்தமாம். முற்றத்தில் முக்காலியில் விமானத்தை வைத்துவிட்டு நடந்தேன். ஐந்தாவது எட்டிலேயே மடல் நின்றுவிட்டது. பட்டனை விட்டேன், ஆடியது. அமுக்கினேன், நின்றது. மறுபடி விட்டேன், ஆடியது. பட்டன்தான் கோளாறு என்று முடிவு கட்டினேன். அமுக்காமல் தெருமுனை வரை போய்ப் பார்த்தேன், நன்றாக ஆடியது. போய் அவளிடம், "எல்லாம் செரி மக்களே, ரேஞ்ச் செக் முடிஞ்சுது" என்றேன்.

அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். காலையில் கேட்டிருப்பேன். மத்தியானம் அப்படிப் பேசிவிட்டு, சாயங்காலம் போய்ச் சந்தேகம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் இறக்கையைத் தனியாகவும் உடம்பைத் தனியாகவும் ஒரு கம்பளியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். நாகர்கோவிலில் மாறி அஞ்சுகிராமம். பிள்ளையை மடியில் வைத்துக்கொள்வதுபோல வைத்துக்கொண்டு போனேன். கண்டக்டர், "என்ன பாய், ஏவுகணையா?" என்றார். "எனக்க மோளுக்க பிளேன்" என்றேன். இரண்டு சீட் தள்ளி இருந்தவர்களுக்கும் கேட்கும்படிதான் சொன்னேன்.

பொட்டலில் அவர்கள் கல்லூரி சார் இருந்தார், இன்னொரு அணிப் பையன்கள் இருந்தார்கள், கூட்டாளிப் பெண் இருந்தாள். ஒல்லியான பெண். இறக்கையை ரப்பர் வளையங்கள் போட்டுக் கட்டினோம். எடை சமமாக நிற்கிறதா என்று அந்தப் பெண் விரல் நுனியில் தூக்கிப் பார்த்து, மூக்கில் இருந்த பேட்டரியை ஒரு விரல் முன்னால் தள்ளினாள். மகள் வீட்டிலிருந்து வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் போனைப் பிடித்திருந்தேன். முகமெல்லாம் கொப்புளம், கண் மட்டும் தெரிந்தது.

அந்தப் பெண் ரிமோட்டை எடுத்துக்கொண்டு, "மாமா, ஒருவாட்டி ரேஞ்ச் செக் பாத்துரட்டா?" என்றாள்.

"நேத்தே பாத்தாச்சு மக்களே. காத்து எழும்புகதுக்கு முன்ன விடு."

வயதில் மூத்தவன், கூட்டாளியின் வாப்பா. அவள் மறுபேச்சுப் பேசவில்லை. போனில் மகள் ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. நான் போனை வானத்துப் பக்கம் திருப்பிவிட்டேன்.

விமானம் எழும்பியது. அவ்வளவு அழகாக எழும்பும் என்று நான் நினைக்கவில்லை. ஒரு வட்டம் போட்டது. இரண்டாவது வட்டத்துக்குப் பொட்டலின் அந்தக் கடைசிக்குப் போய்த் திரும்ப வேண்டும். போனது. திரும்பவில்லை. மோட்டார் சத்தம் நின்றது. அந்தப் பெண் குச்சியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்தாள், "கேக்கல்ல சார், கேக்கல்ல சார்" என்று கத்தினாள். சிவப்பாக, சின்னதாக, சாய்ந்தபடியே அது பனைகளுக்கு அந்தப் பக்கம் உடைமரக் காட்டில் இறங்கி மறைந்தது. நாற்பது வினாடிகூடப் பறந்திருக்காது.

எல்லோரும் ஓடினோம். நான்கு பக்கமும் பிரிந்து தேடினோம். முள் சட்டையைக் கிழித்தது. என் வாயில் துஆ ஒன்றும் வரவில்லை, "அல்லா, அல்லா" என்று மட்டும்தான் வந்தது. முழுசாக இருக்கட்டும், ஒட்டிக்கொள்ளலாம், சாரின் காலில் விழுந்தாவது இன்னொரு தடவை கேட்கலாம் என்று நினைத்துக்கொண்டே ஓடினேன்.

வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. ஒரு மரத்தடியில் ஏதோ பளபளவென்று மின்னியது. அதைப் பார்த்துத்தான் போனேன். விமானம் மூக்கு நொறுங்கி, வயிறு பிளந்து கிடந்தது. மின்னியது என் டேப்.

அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இந்த மகள் பிறந்த அன்று நான் ரியாத்தில் ஒரு கட்டடத்தின் எட்டாவது மாடியில் டக்டுக்குள் படுத்துக்கிடந்தேன். தகரத்துக்குள் போனுக்கு சிக்னல் வராது, அது எங்களுக்கெல்லாம் தெரியும், வெளியே வந்தால்தான் வரும். ஊரிலிருந்து விடாமல் அழைத்திருக்கிறார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வெளியே வந்த பிறகுதான் போன் அடித்தது. நான் வாப்பா ஆகி அஞ்சு மணி நேரம் கழித்துத்தான் எனக்குத் தெரியும். அப்படிப்பட்டவன் அவளுடைய ரிசீவரைத் தகரத்துக்குள் அடைத்துப் பறக்கவிட்டிருக்கிறேன்.

மற்றவர்கள் வருகிற சத்தம் கேட்டது. அடுத்து நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. குனிந்து, அந்த டேப்பைப் பிய்த்தேன். அவ்வளவு அழுத்தி ஒட்டியதை நகம் கிழியப் பிய்த்து, உருட்டி, சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். இரண்டு வயரையும் நீட்டி வெளியே விட்டேன்.

சார் வந்து பார்த்தார். வயர்களைத் தொட்டுப் பார்த்தார். "ஆன்டெனா எல்லாம் செரியாத்தானே இருக்கு. சிக்னல் எப்பிடிப் போச்சு?" என்று அந்தப் பெண்ணைப் பார்த்தார். "ரேஞ்ச் செக் பாக்காம ஏன் எடுத்த?" அவள் என்னைப் பார்த்தாள். நான் விமானத்தைப் பார்த்தேன். அவள் அழத் தொடங்கினாள்.

என் கையிலிருந்த போனில் மகளின் குரல் கேட்டது. அதை அணைக்க மறந்திருந்தேன்.

"ஏட்டி, நீ கரையாத. ஒனக்க தப்பு இல்ல. ரிசீவருக்க எடம் நாந்தான் தப்பாட்டுக் குறிச்சேன். சார், எனக்க டிசைன்லதான் தப்பு சார்."

சட்டைப்பையில் அந்த உருண்டை நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருந்தது. அப்போதாவது பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. உடைந்ததைக் கம்பளியில் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். போகும்போது உட்கார்ந்த அதே ஜன்னலோர சீட் கிடைத்தது. மூன்று மணி நேரம், இரண்டு பஸ், நான் எதையும் பார்க்கவில்லை. செத்துப் போகலாம் என்று தோன்றியது. 

வீட்டுக்கு வந்து, கை கால் கழுவி, கதவுக்கு முன்னால் அதே பாயில் உட்கார்ந்தேன். மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். டேப் உருண்டையை எடுத்துக் கதவுக்கு அடியில் இருக்கிற இடைவெளியில் தள்ளிவிட்டேன்.

"நாந்தான் மக்களே. வயரையும் சேத்து சுத்திட்டேன்."

அது தரையில் உருண்டு போகிற சத்தம் கேட்டது. அவள் சொன்னாள்.

"தெரியும் வாப்பா."

"என்ன தெரியும்?"

"நேத்து போட்டோ போட்டியள்ளா. அதுல பாத்தேன்."

"பின்ன ஏன் சொல்லல்ல? ஏன் சொல்லல்ல மக்களே?"

"கேட்டேனே வாப்பா, ஒரு மட்டம்."

"ரெண்டாம் மட்டம் கேட்டிருக்கலாமே!"

"கேட்டா நீங்க எழும்பிப் போயிருப்பிய. சாப்பிட மாட்டிய. மூணு நாளு நல்லாட்டு இருந்திய. வயரு நுனி கொஞ்சமாவது வெளிய இருக்கும், எப்பிடியும் பறந்திரும்னு நெனச்சேன்."

இரண்டு வருடக் காத்திருப்பை, நான் கோபித்துக்கொண்டு போய்விடக் கூடாதே என்று அவள் விட்டுக்கொடுத்திருக்கிறாள். பொட்டலில் எல்லோர் முன்னாலும் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டதும் தெரிந்தேதான். நான் கதவில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். "என்ன ரெண்டு வார்த்த ஏசு மக்களே. வாயில வந்தத சொல்லு. நான் எங்கயும் போமாட்டேன்" என்றேன்.

"ஒண்ணும் இல்ல வாப்பா. போவட்டும். நீங்க சாப்பிட்டியளா?"

அதே குரல். லீவில் வந்தவனிடம் பேசுகிற குரல். அதைவிட அவள் என்னை அடித்திருக்கலாம்.

அன்று சாயங்காலமே சாருக்கும் அந்தப் பெண்ணுக்கும் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். இன்னொரு தடவை பறக்கவிட முடியுமா என்று சாரிடம் கெஞ்சினேன். இன்னொரு அணியின் பெயரை அனுப்பியாகிவிட்டது என்றார். அடுத்த வியாழக்கிழமை கல்லூரி பஸ் போனது. அவள் அதைப் போனில் போட்டோவாகப் பார்த்தாள்.

பதினோராம் நாள் வேப்பிலைத் தண்ணீரைத் தலைக்கு ஊற்றி, மனைவி அவளை வெளியே விட்டாள். மெலிந்து, முகத்தில் தழும்போடு வந்தாள். நேரே சாப்பாட்டு மேசைக்குப் போய், கம்பளியை அவிழ்த்து, உடைந்த விமானத்தைத் துண்டு துண்டாக எடுத்து அடுக்கினாள். போட்டி இல்லை, ஒன்றுமில்லை, இருந்தாலும் ஒட்டத் தொடங்கினாள். நான் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சர்வோவின் கம்பி வளைந்து கிடந்தது. நான் மடக்கிய கம்பி அது, நிமிர்த்தத் தெரியும். கையை நீட்டினேன்.

"வாப்பா! கைய எடுங்க!"

வீடே அதிர்ந்தது. அவளுக்கு அப்படி ஒரு குரல் இருப்பது எனக்குத் தெரியாது.

"ஒண்ணையும் தொடாதீங்க! ஒரு மட்டம் நாசமாக்கினது போராதா? எனக்க ரெண்டு வருசம்! ரெண்டு வருசம் வாப்பா!"

அடுக்களையிலிருந்து மனைவி கரண்டியோடு ஓடிவந்தாள். மகளைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், பிறகு வாசலில் கிடந்த என் செருப்பைப் பார்த்தாள். மகளும் வாயைப் பொத்திக்கொண்டு அந்தச் செருப்பைத்தான் பார்த்தாள்.

பழைய கோபம் வந்தது. வரவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். காது சூடானது, கால் வாசல் பக்கம் ஒரு எட்டு வைத்தேவிட்டது. கையைக் கம்பியிலிருந்து எடுத்தேன். நாற்காலியை இழுத்து, அவளுக்கு எதிரே, மேசையில் விமானம் போக மிச்சமிருந்த இடத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

"பசிக்குது. சோறு எடுத்து வை" என்றேன் மனைவியிடம்.